‘தி இத்தாலியன் ஜாப்’ கார்த் துரத்தல்: பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

1969-இல் வந்த இந்தப் பிரிட்டிஷ் கொள்ளைப் படத்தின் துரத்தலைப் புகழ்பவர்கள் பலரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். முதல் தவறே அதுதான். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வரும் மூன்று மினி கூப்பர்களும் (குட்டி பிரிட்டிஷ் கார்கள்) கார் போகவே கூடாத இடங்களில் புகுந்து போவதால்தான் தப்பிக்கின்றன. தேவாலயப் படிக்கட்டில் தடதடவென்று இறங்குகின்றன, ஆற்றுத் தடுப்பணையைக் கடக்கின்றன, வளைந்த கூரைமேல் ஏறுகின்றன. போலீஸின் ஆல்ஃபா ரோமியோ கார்கள் பின்னாலேயே வந்து திணறுகின்றன.

இதற்கு முன்னால் வரும் நெரிசல் காட்சிகளை ஓட்டிவிட்டு நேரே துரத்தலுக்குத் தாவுவது அடுத்த தவறு. இத்தாலியின் டூரின் நகரில் போக்குவரத்தை இயக்கும் கணினியின் நிரல் நாடாவைக் கொள்ளையர்கள் மாற்றிவிடுகிறார்கள். ஊரே முட்டிக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூன்று மீட்டர் நீளமே உள்ள வண்டியின் அருமை புரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. நானும் போடுவேன், ஆனால் சிரிப்பதற்காக. கொள்ளையடித்த தங்கம் 40 லட்சம் டாலர். அன்றைய அதிகாரப்பூர்வ விலையான அவுன்சுக்கு 35 டாலர் என்று வைத்தால், எடை மூன்றரை டன்! ஒரு மினிக்கு ஒரு டன்னுக்கு மேல். வண்டியே அவ்வளவு எடை இல்லை. அந்தப் பாரத்தோடு கூரைவிட்டுக் கூரை தாவுகிறதாம். இதைக் குறையாகச் சொன்னால் படத்தின் குறும்பே பிடிபடவில்லை என்று பொருள். தாவலில் பொய் இல்லை. பிரெஞ்சு சாகசக் கலைஞர் ரெமி ஜூலியனின் குழுவினர் உண்மையாகவே வண்டிகளைப் பறக்கவிட்டார்கள்.

மினியைத் தயாரித்த நிறுவனம்தான் படத்துக்கு ஓடி ஓடி உதவியிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தாராளமாகக் கைகொடுத்தது டூரினைச் சேர்ந்த கார் நிறுவனமான ஃபியட். தன் லிங்கோட்டோ ஆலையின் மொட்டைமாடிச் சோதனைப் பாதையிலேயே அந்நிய நாட்டுக் கார்களை ஓடவிட்டது. நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்!

எல்லாமே இத்தாலியில் எடுத்தது என்பதும் சரியல்ல. பாதாளச் சாக்கடைக் குழாய்க் காட்சி இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் படமானது. லாஸ் ஏஞ்சல்ஸில் மினிகள் ஓடுவது 2003-ஆம் ஆண்டு மறுஆக்கம். பொருட்காட்சி மண்டபத்தில் மினிகளும் போலீஸ் கார்களும் வால்ட்ஸ் நடன இசைக்குச் சுழலும் காட்சியைப் படத்தில் தேட வேண்டாம். எடுத்தார்கள், வெட்டிவிட்டார்கள். துரத்தலின் ஓட்டத்துக்கு அது நல்லதே.