சிறுத்தையைத் தலைவராக்காதீர்கள்: அரசியல் உருவகக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் இளைஞர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, எழுதிய கதைகளை வாசித்துக் காட்டுவார்கள். நானும் போய் உட்காருவேன். கொஞ்ச நாளாக அங்கே மிருகக் கதைகள் நிறைய வருகின்றன. தேயிலைத் தோட்டத்து மிருகங்கள் ஒன்றுசேர்ந்து, தோட்டத்தை நடத்துகிற துரையை விரட்டுகின்றன. அப்புறம் ஒரு மிருகம் பதவிக்கு வந்து மற்றவற்றை ஏய்க்கிறது. நம் பிள்ளைகள் அரசியலை எழுத வருவதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகளைச் சொல்லிவிட நினைக்கிறேன்.

ஒரு தம்பியின் கதையில் புதிய தலைவர் சிறுத்தை. முதல் வரியிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் முடிவு அப்போதே தெரிந்துவிட்டது. நிஜத்தில் அதிகாரம் அப்படி வருவதில்லை. நம்மோடு ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்து, வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்ற, நன்றாகப் பேசத் தெரிந்த ஆளிடம் நாமேதான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர் முதலில் எடுப்பதும் சின்னதாகத்தான் இருக்கும். 1945இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைப் பாருங்கள். மிருகங்கள் எஜமானை விரட்டிய மறுநாள் மாடுகளிடம் கறந்த ஐந்து வாளிப் பால், எல்லோரும் புல் அறுக்கப் போய்த் திரும்புவதற்குள் காணாமல் போகிறது. எடுத்தவை தலைமைக்கு வந்த பன்றிகள். கொலைகளும் நாய்ப்படையும் ரொம்பப் பின்னால் வருகிறவை. கதை திரும்புகிற இடம் அந்தப் பால்தான்.

நம் தோட்டத்தில் பாலுக்குப் பதில் எதை வைப்பது? அந்தத் தம்பியிடம் தராசைச் சொன்னேன். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடத்தில் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பது நம் அம்மாமாருக்குப் புதுசில்லை. துரையை விரட்டிய மறுநாளும் நிறுவை நடக்கும். நேற்றுவரை வரிசையில் நின்ற ஆடு இன்றைக்குக் கணக்குக் கொப்பியோடு தராசுக்குப் பக்கத்தில் நிற்கும். பழைய கணக்கப்பிள்ளை சொன்ன அதே குரலில் “ஈரத்துக்கு ரெண்டு கிலோ” என்று சொல்லும். சுற்றி நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இரண்டு தலைவர்கள் மேடையில் அடித்துக்கொள்வதை விட, கொப்பி யார் கைக்குப் போகிறது, களஞ்சியச் சாவி எந்தக் காம்பராவில், அதாவது யார் அறையில், தொங்குகிறது என்று காட்டினாலே அதிகாரப் போட்டி புரிந்துவிடும்.

அடுத்தது பிரசாரம். முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். கதையில் ஒருவர் மேடையேறிப் பச்சைப் பொய் சொல்கிறார், கூட்டம் கைதட்டுகிறது, வாசிக்கிறவருக்குச் சிரிப்பு வருகிறது. அப்படிச் சிரிப்பு வந்தால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள். வாசிக்கிறவரும் ஒரு நிமிஷமாவது ‘இவர் சொல்வதும் சரிதானே’ என்று தலையாட்ட வேண்டும்.

தேயிலைத் தூருக்கு அடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கட்டினார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதைக் கதையில் வெறும் புளுகாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். சொன்ன கங்காணி, அதாவது ஆள் சேர்க்க வந்தவர், பல நேரம் அதே ஊர்க்காரர், சொந்தக்காரர். கேட்டவர் வீட்டில் பஞ்சம். பேச்சோடு பேச்சாகக் கையில் முன்பணமும் வைத்தார். அது கடனாகக் கழுத்தைப் பிடித்தது கடல் தாண்டி வந்த பிறகு. பசியில் இருக்கிறவரிடம் மாமன் முறைக்காரர் வந்து சொன்னால் தேங்காயென்ன, மாசியென்ன, எதையும் நம்பலாம்.

பிரசாரத்துக்கு நீளமான பேச்சு வேண்டும் என்பதும் இல்லை, ஒரு சொல்லே போதும். ஆர்வெல் கதையில் ஸ்குவீலர் என்ற பன்றி, தீவனத்தைக் ‘குறைத்தோம்’ என்று வாய்தவறியும் சொல்லாது, ‘சரிசெய்தோம்’ என்றுதான் சொல்லும். நம் சரித்திரத்தில் இதைவிடக் கனமான சொல் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால், இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களான நம்மவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அப்படிக் கப்பலேறியவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. இந்த மலையில் பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்து, இந்தியாவைக் கண்ணால் கண்டிராத எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள். ஒருநாளும் போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? அழகான சொல், உள்ளே வெளியேற்றம். உங்கள் கதையின் பன்றியோ நரியோ பேசும்போது இப்படி ஒரு சொல்லைக் கொடுங்கள். கேட்கிறவர்களும் நாலு நாளில் அதே சொல்லைத் தங்கள் வாயாலேயே சொல்லத் தொடங்கட்டும்.

இன்னொன்று, பிரசாரம் சிரித்த முகத்தோடும் வரும். இலங்கைத் தேயிலையை உலகம் முழுக்க விற்க 1932இல் அமைத்த சபையின் பெயரிலேயே ‘பிரசாரம்’ என்ற சொல் இருந்தது. தேயிலை விளம்பரங்களில் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவள் காலில் அட்டைக்கடி இருக்காது.

எனக்குக் கோபமே வருகிற தவறு ஒன்று உண்டு: தொழிலாளர்களை ஒன்றும் தெரியாத மந்தையாக எழுதுவது. 1930களில் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியபோது அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டித் தோட்டத்து மக்கள் முன்னால் பாடினார். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்விட்டார். இப்படிப்பட்ட மக்களுக்கு ஏமாற்று புரியாது என்று எழுதலாமா? புரியும். புரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். வேலை போனால் லயக் காம்பராவும் போகும் என்ற பயம் ஒரு காரணம். கொழுந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், தலைவர்மார் பெரும்பாலும் ஆண்கள் என்பது இன்னொன்று. மிருகக் கதையில் இதை மறந்துவிட்டால் பாதித் தோட்டமே காணாமல் போகும்.

இந்த மிருகம் இந்த அமைச்சர், அந்த மிருகம் அந்தச் சங்கத் தலைவர் என்று பூட்டுக்குச் சாவி செய்வது போல எழுதுவதும் வேண்டாம். அடுத்த தேர்தலோடு கதை செத்துவிடும். ஆர்வெல் கதையின் நெப்போலியன் என்ற பன்றி சோவியத் ஸ்டாலின் என்று தெரியாத பிள்ளைக்கும் அந்தப் பால் காணாமல் போனது உறைக்கிறதே, அதைக் கவனியுங்கள்.

அந்தத் தம்பி போன மாதம் கதையைத் திருத்திக்கொண்டு வந்தான். சிறுத்தை போய் ஆடு வந்திருந்தது, தராசும் வந்திருந்தது. ‘ரெண்டு கிலோ கழித்தது’ என்று அவன் வாசித்ததும், முப்பது வருஷம் கொழுந்தெடுத்த ஓர் அம்மா பின்வரிசையிலிருந்து கேட்டார்: “தம்பி, அன்னைக்கு மழையா, வெயிலா?”

அவன் பேனாவை எடுத்து, மேலே ஒரு வரி சேர்த்தான். அன்றைக்கு நல்ல வெயில்.