கார் கண்ணாடியில் உப்புத் தண்ணீர்க் கறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரி வட்டாரங்களில் வீட்டு வாசலில் நிற்கும் கார்களின் கண்ணாடியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், விளிம்பு தடித்தும் நடுப்பகுதி வெளுத்தும் இருக்கும் சிறு சிறு வட்டங்கள் தெரியும். பகலில் அவை அழகுக்குறைவு மட்டுமே. இரவில், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நான்குவழிச் சாலையில், எதிரே வரும் லாரியின் விளக்கு வெளிச்சம் அந்த வட்டங்களில் பட்டுச் சிதறும்போது, ஓரத்தில் நடந்து செல்பவர் கண்ணுக்குத் தட்டுப்படாமலே போகக்கூடும். ஆகவே இக்கறையை அகற்றுவது அவசியம்; ஆனால் அகற்றும் முயற்சியிலேயே கண்ணாடியைப் பாழாக்கிவிடுகிறவர்கள்தாம் அதிகம்.

தவறுகளுக்கெல்லாம் மூலமான தவறு, இதை அழுக்கு என்று நினைப்பது. போர்வெல் தண்ணீர் பாறை இடுக்குகளில் கிடந்து, சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. கண்ணாடியில் தங்கிய துளி வெயிலில் வற்றும்போது தண்ணீர் மட்டும் ஆவியாகிறது; கால்சியம் கார்பனேட் அங்கேயே இறுகிவிடுகிறது. தாழையூத்துச் சங்கர்நகரில் 1949ஆம் ஆண்டு முதல் சிமென்ட் ஆக்கப்பட்டுவரும் சுண்ணாம்புக்கல்லும் அடிப்படையில் இதே பொருள்தான். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு வந்து படியும் கடலுப்பு வெறும் தண்ணீருக்கே கரைந்துவிடும், இது கரையாது. சோப்பு, ஷாம்பு எதைப் போட்டாலும் கரையாது. அழுக்கைத் தேய்க்கலாம், சுண்ணாம்பைக் கரைக்கத்தான் வேண்டும்.

இதை அறியாதவர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சுரண்டத் தொடங்குகிறார்கள். பாத்திரம் துலக்கும் பச்சை நார், கம்பி நார், சாம்பல், பற்பசை என்று வரிசையாக முயன்று பார்க்கிறார்கள். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புப் படிவு ஏறத்தாழ 3, கண்ணாடி ஏறத்தாழ 5.5, மணல் 7. கறையைவிடக் கண்ணாடி கடினமானது என்பது ஆறுதல். கண்ணாடியைவிட மணல் கடினமானது என்பதுதான் ஆபத்து. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றில் புழுதி ஓயாமல் படியும் நம் ஊர்களில், மேலே கிடக்கும் மணலைத் தண்ணீர் விட்டு இறக்காமல் எந்தத் துணியால் தேய்த்தாலும் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பச்சை நாரில் அரைக்கும் துகள்கள் தயாரிப்பிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால், மணல் இல்லாமலும் அது கீறும். வறண்ட கண்ணாடியில் வைப்பரை ஓட்டுவதும் இதே தவறுதான். பிறைவடிவக் கோடுகள் விழுந்துவிட்டால் அவற்றை நீக்குவது பெரும்பாடு. கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கிலுள்ள ரப்பர் பட்டையில் (பீடிங்) மணல் சேர்ந்திருந்தால் நெடுக்குக் கோடுகள் விழும். கண்ணாடியைத் துடைக்கும் முன் அந்த இடுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடுவது நல்லது.

கரைப்பதற்குக் கடுமையான அமிலம் எதுவும் வேண்டியதில்லை. மளிகைக்கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று தேக்கரண்டி எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத் தூளை, கரைத்தும் பயன்படுத்தலாம். பலர் இதைத் தெளித்த கையோடு துடைத்துவிட்டு, பலனில்லை என்று கைவிடுகிறார்கள். படிவு கரைய நேரம் வேண்டும். காரைக் கழுவிய பின், வினிகரில் நனைத்த மெல்லிய துணியைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் விரித்து, ஐந்து முதல் பத்து நிமிடம் உலராமல் வைத்திருந்தால், கல்போல் இருந்தது இளகிவிடும். அதன்பின் மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைத்தாலே வரும். பழைய படிவானால் இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம். அதற்காகக் கையின் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. வெயிலில் சுடும் கண்ணாடியில் இதைச் செய்தால் வினிகர் உடனே உலர்ந்து, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் அங்கேயே படியும். காலையில் வெயில் ஏறும் முன்போ, மாலையில் நிழல் விழுந்த பின்போ, ஒவ்வொரு கண்ணாடியாகச் செய்வதே முறை.

வினிகருடன் சமையல் சோடாவைக் கலப்பதையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். நுரை பொங்குவது கண்ணுக்கு வேலை நடப்பதுபோலத் தெரியும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, சுண்ணாம்பைக் கரைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பிளீச்சிங் பவுடரை எந்த அமிலத்தோடும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

கழிப்பறை ஆசிட்டைக் காருக்குக் கொண்டுவருவது இன்னும் மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் வழிந்து இறங்கும் இடத்தில் குரோமியப் பூச்சும் அலுமினியமும் அரித்துப்போகும், பெயிண்ட்டும் கெடும். இதையும் மிஞ்சியது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அது கண்ணாடியையே கரைக்கும். தோலில் பட்டால் ஊடுருவி எலும்புவரை தாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். பெயரும் சேர்மானமும் எழுதப்படாத பாட்டிலில் விற்கும் எந்தக் கறைநீக்கியையும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்து, கடைசியில் அதே போர்வெல் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிட்டால் மறுநாளே வட்டங்கள் திரும்பிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று காருக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது, தரை கழுவவே அது தகும். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் நேர்மாறானது. காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாவதால் அதில் உப்பே கிடையாது எனலாம். ஒரு வாளியில் பிடித்துத் துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால் கடைசி அலசலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் அதில் அரை வாளி போதும். குடிதண்ணீரைக் காருக்கு வாரி இறைக்க வேண்டியதில்லை. எந்தத் தண்ணீரானாலும் துளி தானாக உலரும் முன் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கார் நிற்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். பின் கண்ணாடியில் மட்டும் ஒரே வரிசையாகக் கறை இருந்தால் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து சொட்டுகிறதா என்று பாருங்கள். கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் வாசல் தெளிக்கும்போது தெறித்த தண்ணீர்.

வினிகர் வைத்துத் துடைத்த பின்னும் வட்டம் தெரிந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் படிவு இன்னும் இருக்கிறது, மறுபடி ஊறவைக்கலாம். வழுவழுப்பாக இருந்தும் வட்டம் தெரிந்தால், நெடுநாள் கிடந்த படிவு கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்குப் பிறகு எந்த அமிலமும் பயன்படாது. மெல்லிய அரிப்பை, கண்ணாடியை மெருகேற்றும் தூளான சீரியம் ஆக்சைடு கொண்டு பாலீஷ் செய்து போக்கலாம். ஆனால் அனுபவமில்லாத கை ஒரே இடத்தில் அதிகம் தேய்த்தால் கண்ணாடி சூடேறும், பள்ளம் விழுந்து பார்வை நெளியும். முன் கண்ணாடியில், ஓட்டுநர் பார்க்கும் பகுதியில், இதைத் தேர்ந்தவரிடம் விடுவதே சரி. அரிப்பு ஆழமாக இருந்தால் கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.