சன் வைசர் தொங்குகிறதா? பசையை எடுக்கும் முன் பாருங்கள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாலையில், வேகத்தடை ஒன்றில் என் பழைய பத்மினி கார் குலுங்கியதும், வெயிலை மறைக்கப் பாதி இறக்கி வைத்திருந்த சன் வைசர் (முன்கண்ணாடியின் மேல்பக்கம் மடங்கும் பலகை) முழுதாகச் சரிந்து சாலையை மறைத்துவிட்டது. முன்னால் புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று போய்க்கொண்டிருந்தது. இடது கையால் வைசரைத் தாங்கிப் பிடித்தபடியே வண்டியை ஓரம் கட்டினேன். அந்த வைசருக்குச் சில வாரங்கள் முன்புதான் ஒரு பட்டறையில் பசை வைத்துத் தந்திருந்தார்கள்.

பசைதான் முதல் தவறு. வைசருக்குள் ஒரு கம்பி ஓடுகிறது. வைசரின் உள்ளே இருக்கும் எஃகுக் கவ்வி அந்தக் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடியின் உராய்வால்தான் நாம் நிறுத்திய இடத்தில் வைசர் நிற்கிறது. உடனே ஒட்டும் பசையை அங்கே விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, வைசர் அசையாமல் இறுகிப்போகும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உள்ளிருக்கும் அட்டை கிழியும். அல்லது, காய்ந்த பசை அதிர்வில் கண்ணாடிபோல் நொறுங்கி, முன்பைவிட மோசமாகத் தொங்கும். எனக்கு நடந்தது இரண்டாவது.

எது தளர்ந்திருக்கிறது என்று பார்க்காமலே திருப்புளியைக் கையில் எடுப்பது அடுத்த தவறு. வைசர் தளரும் இடங்கள் மூன்று. கம்பியின் அடிப்பகுதியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் வைசரைத் திருப்பிப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுழன்றால் உள்ளே கவ்வி தளர்ந்திருக்கிறது. கம்பியோடு சேர்ந்து அடித்தட்டும் ஆடினால், தட்டைக் கூரையோடு பிணைக்கும் திருகுகளில் குறை. இரண்டும் உறுதியாக இருந்தும் உள்முனை மட்டும் தாழ்ந்தால், முன்கண்ணாடிக்கு மேலே நடுவில் வைசரின் உள்முனையைத் தாங்கும் கொக்கி உடைந்திருக்கும் அல்லது விரிந்திருக்கும். எல்லா வண்டிகளிலும் இந்தக் கொக்கி இருக்காது. இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், மாற்றுவது எளிது. கவ்வி தளர்ந்த வைசருக்குத் திருகை எவ்வளவு முறுக்கினாலும் பயன் இல்லை. முறுக்கி முறுக்கி நல்ல மரையும் போய்விடும்.

மரை போய்விட்டால் பலர் செய்வது நீளமான திருகு போடுவது. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கூரைத் துணிக்கு மேலே மெல்லிய தகடு, அதற்குச் சற்று மேலே வெளிக்கூரை. நீளத் திருகின் முனை வெளிக்கூரையை உள்ளிருந்து குத்தினால் பெயின்ட் புடைத்துக்கொள்ளும், பிறகு அங்கே துருப் பிடிக்கும். சில வண்டிகளில் உள்விளக்கின் மின்கம்பியும் அந்த வழியாகத்தான் போகிறது. நீளத்தைக் கூட்டாமல், பருமனில் ஒரு படி கூடிய திருகு போடுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் ரிவெட் நட் (தகட்டுத் துளையில் பதிக்கும், உள்ளே மரையுள்ள சிறு குழல்) அடித்துக்கொள்ளலாம். துளையில் தீக்குச்சி சொருகுவது மரக்கதவுக்குச் சரி, தகட்டுக்கு உதவாது. கடைக்குப் போகும்போது பழைய திருகைக் கையோடு கொண்டுபோங்கள். அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வண்டியின் வாரிசு. பத்மினி இத்தாலிய ஃபியட்டின் வாரிசு. ஒன்றின் திருகு மற்றதற்குச் சேரும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

கவ்வி தளர்ந்த வைசருக்கு வருகிறேன், பெரும்பாலானோருக்கு இதுதான் தொல்லை. குறடால் வைசரின் மேல்விளிம்பை நசுக்கிப் பார்ப்பார்கள். மேலுறையான ரெக்சினுக்குள் இருப்பது பெரும்பாலும் ஹார்டுபோர்டு அல்லது கெட்டி அட்டை, நசுங்கினால் மீளாது. கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று எண்ணெய் விடுவதும் அதே அளவு கெடுதல்தான். உராய்வால் நிற்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க்கு என்ன வேலை? அது அட்டையில் ஊறி, ரெக்சினிலும் கறையாகிவிடும்.

கம்பியை மெதுவாக உருவி எடுத்து, பழைய எண்ணெயையும் பசையையும் துடைத்துவிட்டு, எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடுபட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) கவ்வி பிடிக்கும் இடத்தில் மாட்டிச் சுருக்குங்கள். நான் செய்தது இதுதான். இடைவெளி சிறிதாக இருந்தால் ஒரு சுற்று போதும். சூடு காட்டுவதை வண்டிக்கு வெளியே, வைசரிலிருந்து கம்பியைத் தனியே எடுத்த பிறகே செய்ய வேண்டும். ரெக்சின் அருகே நெருப்பு கூடாது. இடைவெளி பெரிதென்றால் மெல்லிய தோல் துண்டைச் சுற்றலாம். கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவதை மட்டும் தவிருங்கள். முலாம் போனால் துருதான் மிஞ்சும். சில கம்பிகளில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். வைசர் மேலே மடங்கியதும் அங்கேதான் கவ்வி பதிந்து நிற்கிறது. அதைத் தேய்மானம் என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள்.

ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ் தாள், பெட்ரோல் ரசீதுகள் என்று எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு வைசரில் செருகும் வழக்கம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தப் பாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தால் எந்தக் கவ்வியும் தளரும். கண்ணாடியைக் கிளிப் போட்டு மாட்டுவதும் அப்படித்தான். தாள்களை டேஷ்போர்டு அறைக்கு மாற்றுங்கள்.

ரெக்சின் வெடித்துவிட்டதென்று வைசரையே தூக்கி எறிய வேண்டாம். அம்பாசடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. உள்ளிருக்கும் கம்பியும் கவ்வியும் அந்த வண்டிக்கே உரியவை. சீட் கவர் தைக்கும் கடையில் புது ரெக்சின் போட்டுத் தருவார்கள். வலது, இடது கம்பிகளின் வளைவு எதிரெதிர் என்பதால், கழற்றும்போதே அடையாளம் இட்டுவிடுங்கள்.

சரிசெய்த பிறகு காலைக் குளிர்ச்சியில் சோதித்துத் திருப்தி அடைய வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவைத்து, உள்ளே கொதிக்கும்போது வைசரைப் பாதி இறக்கிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்துங்கள். சரிந்தால் ஸ்லீவ் இன்னொரு சுற்று வேண்டும்.