இங்கிலாந்தில் சிறு குழந்தையின் வளர்ச்சி குறித்த ஐயம்: புதிதாக வந்த பெற்றோருக்கு

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையுடன் இங்கிலாந்துக்கு வந்து சேரும் குடும்பம், வீடு, வேலை, வங்கிக் கணக்கு என்று அலையும் முதல் வாரங்களிலேயே குழந்தையை அருகிலுள்ள ஜீ.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் நிலையத்தில் பதிந்துவிட வேண்டும். இங்கே பிறந்த குழந்தைகளின் விவரம் பிறந்தவுடனேயே சுகாதார சேவையிடம் இருக்கும். இடையில் வந்து சேர்ந்த குழந்தையோ பதிந்தால்தான் ஹெல்த் விசிட்டரின் கவனத்துக்கு வரும். பதிவுக்கு முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயமில்லை என்பதை, வரவேற்பு மேசையில் கேட்டால், பணிவாகச் சொல்லலாம்.

ஹெல்த் விசிட்டர் என்பவர் மேற்பயிற்சி பெற்ற தாதி. இலங்கையில் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரை அறிந்தவர்களுக்கு இவரது பணி புதிதாக இராது. குழந்தை 2 முதல் 2½ வயதுக்குள் இருக்கும்போது வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அப்போது தரப்படும் கேள்வித்தாள் பேச்சு, உடலசைவு, விரல்களின் நுண்ணிய செயல், சிக்கலைத் தீர்க்கும் திறன், பிறருடன் பழகுதல் ஆகிய ஐந்தையும் பற்றிக் கேட்கும். நம்மவர் சிலர் இதைப் பரீட்சைத் தாளாக எண்ணி, முதல் நாள் இரவு குழந்தைக்குப் பாடம் எடுத்து, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று குறித்துவிடுகிறார்கள். ‘இன்னும் இல்லை’ என்று உண்மையாக இடப்படும் குறிதான் உதவிக்கு வழி திறக்கிறது.

அந்த அழைப்புக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, 18 மாதமாகியும் நடக்காத அல்லது விருப்பமானதை விரல் நீட்டிக் காட்டாத குழந்தை, இரண்டு வயது கடந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை ஆகியோரைப் பற்றி உடனே ஹெல்த் விசிட்டரிடம் பேசுங்கள். பேசிய சொற்களை எந்த வயதில் இழந்தாலும் நாள் கடத்தக் கூடாது. ‘ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் பேசும்’ என்று ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் ஆறுதல் அன்பினால் வருவது. ஆனால் அதை நம்பி ஓராண்டை இழந்தவர்கள் உண்டு. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரைக்கும் ஆதாரமில்லை. இரு மொழி கேட்பது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. குழந்தையின் சொற்களை எண்ணும்போது தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பேச்சு பிந்தினால் முதலில் செவித்திறன் பரிசோதனையைக் கேளுங்கள். நடுக்காதில் நீர் கட்டுவது சிறு குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவது.

பேச்சு, மொழிச் சிகிச்சைக்குப் பல இடங்களில் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம் போன்றவற்றுக்கான மதிப்பீட்டுக்குக் குழந்தைநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அங்கே காத்திருப்பு நீண்டது, பல பகுதிகளில் ஓராண்டுக்கும் மேல். சந்திப்புகளுக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மூத்த பிள்ளையை அந்த வேலைக்கு அமர்த்த வேண்டாம்.

பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: இங்கே கல்வி சார்ந்த உதவி நோயின் பெயருக்காகக் காத்திருப்பதில்லை, தேவையைப் பார்த்தே வருகிறது. மூன்று வயது நிறைந்ததற்கு அடுத்த தவணையிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டில் 38 வாரங்களுக்கு வாரம் 15 மணி நேரம் நர்சரி இலவசம். நர்சரியில் ‘சென்கோ’ எனப்படும் சிறப்புத் தேவைப் பொறுப்பாளரிடம் ஐயத்தை முதல் நாளே சொல்லுங்கள். அவரது உதவி போதாதென்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழந்தைக்கு வேண்டிய கல்வி, சுகாதார, பராமரிப்பு உதவிகளை வகுக்கும் ஈ.எச்.சி.பி. என்ற திட்டத்துக்கான மதிப்பீட்டை, உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலிடம் பெற்றோரே எழுத்தில் கோரலாம். ஆறு வாரத்துக்குள் மதிப்பீடு செய்வார்களா என்ற பதிலும், திட்டம் வழங்குவதானால் 20 வாரத்துக்குள் அதன் இறுதி வடிவமும் வர வேண்டும். கெடு தவறுவது இங்கே அரிதன்று. ஆகவே கோரிக்கை அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் ‘சென்டியாஸ்’ என்ற இலவச ஆலோசனைச் சேவை உண்டு. கடிதம் எழுதவும் கூட்டங்களுக்குத் தயாராகவும் உதவுவார்கள்.

விசா குறித்த அச்சத்தால் வாய் திறக்காத பெற்றோரும் இருக்கிறார்கள். பொது நிதி உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனையுடன் வந்தவர்கள், ஊனமுற்ற குழந்தைகளுக்கான டி.எல்.ஏ. கொடுப்பனவுக்கு, குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் விண்ணப்பிக்கக் கூடாது. ஆனால் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். தரும் சிகிச்சையும் பள்ளிக் கல்வியும் ஈ.எச்.சி.பி.யும் அந்த நிபந்தனைக்குள் வருவன அல்ல.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை வேறு. எங்கே குடியேறினாலும், ஊரில் கொடுத்த தடுப்பூசி அட்டையையும் மருத்துவமனைக் குறிப்புகளையும் பெட்டியின் அடியில் விட்டுவிடாமல் முதல் சந்திப்புக்கே எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் குழந்தை விளையாடும் விதத்தைக் கைபேசியில் இரண்டு நிமிடம் பதிந்து கொண்டு போவதும் நல்லது. அறிமுகமில்லாத அறையில் பல குழந்தைகள் வீட்டில் இருப்பது போல் இருப்பதில்லை.