வாலிபால் ரிசீவை எக்செல்லில் அலசுவது எப்படி?

மேட்ச் தோற்றதும் "இன்னைக்கு ரிசீவ் (எதிரணியின் சர்வை முதலில் எடுப்பது) சரியில்லை" என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். யாருக்குச் சரியில்லை, எந்த மாதிரி சர்வுக்கு, கோர்ட்டில் எந்த இடத்தில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், கூடவே மேட்ச் வீடியோ இருந்தால் போதும், இதற்குச் சரியான பதிலை நாமே எடுக்கலாம்.

படி 1: மார்க் போடுவது

ஒவ்வொரு ரிசீவுக்கும் 0 முதல் 3 வரை மார்க். பந்து செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) கைக்கு அழகாகப் போய், நடுவில் குவிக் (தாழ்வாகக் கொடுத்த பந்தைச் சட்டென்று அடிப்பது) உட்பட எந்த அட்டாக்கும் ஆடலாம் என்றால் 3. செட்டர் கொஞ்சம் நகர வேண்டியிருந்து, குவிக் போய்விட்டாலும் இரண்டு பக்கமும் செட் பண்ண முடிந்தால் 2. ஒரே ஒரு ஆளுக்குத்தான் தூக்கிக் கொடுக்க முடியும், இல்லை பந்து நேராக எதிர்ப்பக்கம் போய்விட்டது என்றால் 1. எடுக்க முடியாமல் புள்ளி நேராக எதிரணிக்குப் போனால், அதாவது ஏஸ் ஆகிவிட்டால் 0. எது 2, எது 1 என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் மாற்றினால் முன்னால் போட்ட மார்க்கெல்லாம் வீண்.

படி 2: ஷீட்

ஒரு ரிசீவுக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: எத்தனையாவது செட், ஜெர்சி எண், சர்வ் வகை (சுழலாமல் மிதந்து வரும் ஃப்ளோட் அல்லது குதித்து வேகமாக அடிக்கும் ஜம்ப்), மண்டலம் (பந்தை எடுத்த இடம், நம் பக்கக் கோர்ட்டின் 1 முதல் 6 வரையான பகுதிகளில் ஒன்று), மார்க், வீடியோ நேரம். சர்வ் வகைக்கு டேட்டா வேலிடேஷனில் டிராப்-டவுன் (தேர்ந்தெடுக்கும் பட்டியல்) வைத்துவிடுங்கள். ஒரு இடத்தில் 'ஃப்ளோட்', இன்னொரு இடத்தில் 'ப்ளோட்' என்று அடித்தால் ஷீட் அதை இரண்டு வகையாகத்தான் எண்ணும்.

இரண்டு பேருக்கு நடுவில் யாரும் தொடாமல் விழுந்த ஏஸை ஒருவர் தலையில் கட்டாதீர்கள். ஜெர்சி எண் இடத்தில் 'இடைவெளி' என்று போடுங்கள், அது இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

படி 3: சராசரி

ஒவ்வொருவரின் சராசரியையும் எடுக்க ஆவரேஜ்இஃப்ஸ் (AVERAGEIFS) ஃபார்முலா. அதில் முதலில் மார்க் நெடுவரிசை, அப்புறம் ஜெர்சி நெடுவரிசை, கடைசியில் ஜெர்சி எண். ('எஸ்' இல்லாத ஆவரேஜ்இஃப்பில் (AVERAGEIF) மார்க் நெடுவரிசை கடைசியில் வரும், கவனம்.) இன்னொன்று முக்கியம்: ஏஸ் வாங்கிய இடத்தை வெறுமனே விடாமல் 0 என்று அடித்தே ஆக வேண்டும். வெற்றுக் கட்டத்தை ஃபார்முலா கணக்கில் சேர்க்காது, அப்போது நாலு ஏஸ் வாங்கியவரின் சராசரிகூட அருமையாகத் தெரியும்.

படி 4: சராசரிக்குள் என்ன இருக்கிறது

பலர் சராசரியோடு நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் ஏமாறுகிறோம். ஒருவர் 10 ரிசீவிலும் 2 எடுக்கிறார். இன்னொருவர் ஆறு முறை 3, இரண்டு முறை 1, இரண்டு முறை 0. இருவருக்கும் மொத்தம் 20, சராசரி 2.0. ஆனால் இரண்டாமவர் இரண்டு புள்ளிகளை நேராக எதிரணிக்குக் கொடுத்திருக்கிறார், அதே சமயம் செட்டருக்கு ஆறு முறை தங்கமான பந்தும் கொடுத்திருக்கிறார். இவர்களுக்கு ஒரே பயிற்சி கொடுத்தால் எப்படிச் சரியாகும்?

இதைப் பார்க்க பிவட் டேபிள் (வரிகளை வகை வகையாகத் தொகுத்து எண்ணிக் காட்டும் அட்டவணை) போடுங்கள். வரிகளில் ஜெர்சி எண், நெடுவரிசைகளில் மார்க், மதிப்புகளிலும் மார்க். அது தானாகக் கூட்டுத்தொகையைக் காட்டினால் எண்ணிக்கைக்கு மாற்றுங்கள்.

படி 5: எங்கே உடைகிறது

அதே டேபிளில் ஜெர்சி எண்ணுக்குக் கீழே சர்வ் வகையையும், அப்புறம் மண்டலத்தையும் சேருங்கள். அந்த இரண்டு 0-வும் ஜம்ப் சர்வில், மண்டலம் 5-இல் வந்தவை என்று தெரியலாம். ஆனால் டேபிளின் ஒரு கட்டத்துக்குள் மூன்று நாலு ரிசீவ்தான் இருக்கிறது என்றால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள், இன்னும் சில மேட்சுகளைச் சேர்த்துப் பாருங்கள். இடையில் டேபிளில் அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணிக்கையின் மேல் டபுள் கிளிக் செய்தால் அதற்குரிய வரிகள் மட்டும் தனி ஷீட்டில் திறக்கும். வீடியோ நேரம் அங்கேயே இருக்கும், அந்த வீரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சர்வ் அடிக்கும் நொடியில் அவர் கால் எங்கே இருந்தது என்று சேர்ந்தே பாருங்கள்.