கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளரின் பணிவாழ்வை எடைபோடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஒருவரின் பணிவாழ்வு, பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே நம் பார்வைக்கு வருகிறது. ஆண்டு, கல்லூரி, வெற்றி, தோல்வி, அடியில் ஒரு கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் யார் பெரியவர் என்ற விவாதங்கள் நடக்கின்றன. எண்களில் பிழையில்லை; எவற்றைச் சேர்த்து, எவற்றை விட்டு அவற்றைக் கணக்கிட்டார்கள் என்று கேட்காமல் படிப்பவர்தான் தவறான முடிவுக்கு வருகிறார்.

மிகப் பரவலான தவறு, வரலாற்றை 1982-இல் தொடங்குவது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ பெண்களுக்கான கூடைப்பந்துச் சாம்பியன் போட்டியை முதன்முதலாக நடத்தியது அந்த ஆண்டில்தான். ஆனால் 1972 முதலே தேசியப் போட்டிகள் நடந்துவந்தன. அவற்றை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற, கல்லூரிப் பெண்களின் விளையாட்டுக்கென்றே இயங்கிய தனி அமைப்பு. முதல் மூன்று பட்டங்களையும் பென்சில்வேனியாவின் இம்மாகுலாட்டா என்ற சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி, கேத்தி ரஷ் பயிற்சியில் வென்றது. அடுத்த மூன்று பட்டங்கள் மார்கரெட் வேடின் டெல்டா ஸ்டேட் அணிக்குச் சென்றன. 1982-இல் இரு அமைப்புகளும் தனித்தனியே போட்டி நடத்தியதால் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் லூசியானா டெக், ரட்கர்ஸ் என இரண்டு சாம்பியன்கள். பணமும் தொலைக்காட்சி ஒப்பந்தமும் என்சிஏஏ பக்கம் சாய, பழைய அமைப்பு விரைவில் மறைந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. பேட் சம்மிட் டென்னசி பல்கலைக்கழகத்தில் 1974-இல், 22 வயதில், தலைமைப் பொறுப்பேற்றார். மாதம் 250 டாலர் ஊதியம். வீராங்கனைகளின் சீருடையைத் துவைப்பதும் வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டிச் செல்வதும் அவர் வேலைதான். 2012-இல் ஓய்வுபெறும்போது அவர் கணக்கில் இருந்த 1,098 வெற்றிகளில் 1974 முதல் பெற்றவை எல்லாம் அடங்கும். ஆனால் அவர் எத்தனை முறை ஃபைனல் ஃபோர் எனப்படும் அரையிறுதிச் சுற்றுக்கு வந்தார் என்று கேட்டால், 18 என்றும் 22 என்றும் இரண்டு விடைகள் கிடைக்கும். என்சிஏஏ போட்டிகளை மட்டும் எண்ணினால் 18. ஏஐஏடபிள்யூ காலத்து நான்கையும் சேர்த்தால் 22. பழைய காலத்து வெற்றிகளைக் கூட்டுத்தொகையில் சேர்த்துக்கொண்டு, அதே காலத்துச் சாதனைகளை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது எந்த வகையிலும் நேர்மையான கணக்கு அல்ல என்பது என் கருத்து. எழுதுபவர் எந்த எண்ணைப் பயன்படுத்தினாலும், அது எதைக் குறிக்கிறது என்று ஒரு வரியாவது சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது தவறு, அட்டவணையில் தெரியும் இடைவெளியைத் தோல்வியாகப் படிப்பது. மரியான் ஸ்டான்லியின் பணிவாழ்வைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். இம்மாகுலாட்டாவில் ஆடிய அவர், 1977-இல் வர்ஜீனியாவின் ஓல்ட் டொமினியன் அணிக்குப் பயிற்சியாளராகி 1979, 1980, 1985 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றார். (முதல் இரண்டும் ஏஐஏடபிள்யூ பட்டங்கள் என்பதால், 1982-இல் தொடங்கும் பட்டியல்களில் அவர் ஒரே ஒரு பட்டத்துடன் நிற்பார்.) 1989-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, லிசா லெஸ்லி போன்ற வீராங்கனைகளைச் சேர்த்து அணியைக் கட்டினார். 1993-இல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஜார்ஜ் ராவெலிங்குக்குத் தரப்படும் ஊதியத்தையே தனக்கும் கேட்டார். பேச்சுவார்த்தை முறிந்தது; ஒப்பந்தக் காலமும் முடிந்தது; அவர் வழக்குத் தொடுத்தார். ராவெலிங்கின் நீண்ட அனுபவத்தையும், சந்தைப்படுத்தல் துறைப் பின்புலத்தையும், அணிக்கு வருவாய் ஈட்டித்தரும் கூடுதல் பொறுப்பையும் காரணம் காட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-இலும் பின்னர் 1999-இலும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

அட்டவணையில் இவற்றில் எதுவும் இருக்காது. 1993-இல் ஒரு கல்லூரி முடிகிறது, இரண்டு ஆண்டுகள் வெற்றிடம், 1995-96-இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆண்டு இடைக்காலப் பொறுப்பு, பிறகு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள், அவ்வளவுதான் தெரியும். அவர் சேர்த்த லெஸ்லி, 1994-இல் புதிய பயிற்சியாளர் செரில் மில்லரின் கீழ் கால்இறுதிவரை சென்றபோது, அந்த வெற்றிகள் முறைப்படி மில்லரின் கணக்கில் ஏறின. 2002-இல் ஸ்டான்லி தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்வானதையும், 2022-இல் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றதையும் அறியாதவர், 1993-க்குப் பின் அவர் மங்கிப்போனார் என்றே எழுதிவிடுவார்.

அந்த ஸ்டான்ஃபோர்டு சீசனே வேறொரு பிழைக்கும் இடம் கொடுக்கிறது. அங்கே நிரந்தரப் பயிற்சியாளராக இருந்த டாரா வேண்டர்வீர், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்கத் தேசிய அணியைத் தயார்செய்ய ஓராண்டு விடுப்பில் சென்றார். ஸ்டான்லியும் எமி டக்கரும் இணைந்து நடத்திய அந்த அணி ஃபைனல் ஃபோரை எட்டியது. அந்த வெற்றிகள் வேண்டர்வீரின் மொத்தக் கணக்கான 1,216 வெற்றிகளில் சேரவில்லை. மாறாக, கனெக்டிகட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா உடல்நலக் குறைவால் வராத ஆட்டங்களில் அவருடைய நீண்டகால உதவியாளர் கிறிஸ் டெய்லி அணியை நடத்தி வென்றால், அந்த வெற்றி ஆரியெம்மாவின் கணக்கிலேயே சேரும். 2024 நவம்பரில் ஆரியெம்மா 1,217-ஆவது வெற்றியுடன் வேண்டர்வீரை முந்தினார். அன்றைய ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தை வைத்து இருவரில் யார் உயர்ந்தவர் என்று தீர்ப்பு எழுதுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்க ஆண்டுகளைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவதும் தவறுதான். இதை விரிவாக விளக்க வேண்டியதில்லை. ஆரியெம்மாவின் முதல் சீசன் 12 வெற்றி, 15 தோல்வி. தென் கரோலினாவில் டான் ஸ்டேலியின் முதல் சீசன் 10 வெற்றி, 18 தோல்வி; அதே ஸ்டேலி 2024-இல் 38 ஆட்டங்களிலும் வென்று தன் மூன்றாவது பட்டத்தைப் பெற்றார்.

பட்டத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்பவர்களுக்கு விவியன் ஸ்ட்ரிங்கர் கண்ணில் படவே மாட்டார். அவர் தேசியப் பட்டம் வென்றதில்லை. ஆனால் செய்னி ஸ்டேட், அயோவா, ரட்கர்ஸ் என மூன்று வெவ்வேறு கல்லூரிகளை ஃபைனல் ஃபோருக்கு அழைத்துச் சென்ற முதல் பயிற்சியாளர் அவர்தான். செய்னி, கறுப்பின மாணவர்களுக்கென நிறுவப்பட்ட, வசதி குறைந்த ஒரு சிறு கல்லூரி. அந்த அணி 1982-இன் முதல் என்சிஏஏ இறுதி ஆட்டத்திலேயே ஆடியது.

ஆண்கள் அணியின் வருவாயோடு ஒப்பிட்டுப் பெண்கள் அணிப் பயிற்சியாளரின் மதிப்பைக் கணிப்பதும் வழக்கமாகிவிட்டது. இங்கே ஒரு செய்தியைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஆண்கள் போட்டியில் இறுதி ஆட்டம் நீங்கலாக அணிகள் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், அக்கல்லூரிகள் அங்கம் வகிக்கும் கூட்டமைப்புகளுக்குப் பணம் பங்கிட்டுத் தரும் முறையை என்சிஏஏ பல்லாண்டுகளாக வைத்திருந்தது, பெண்கள் போட்டிக்கு அம்முறை வந்தது 2025-இல்தான். அதற்கு முன்பு எத்தனை சுற்று வென்றாலும் அந்த வழியில் ஒரு டாலர்கூட வராது. ஸ்டான்லி வழக்கில் வருவாய் ஒரு வாதமாக நின்ற காலத்தில், அவர் அணி எவ்வளவு வென்றிருந்தாலும் நிலைமை இதுவேதான்.

கடைசியாக, பெரியவருக்குப் பின் வந்தவரை முன்னவரின் எண்களால் அளப்பது. சம்மிட்டுக்குப் பின் டென்னசியை ஏற்ற ஹோலி வார்லிக் முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை கால்இறுதிவரை அணியைக் கொண்டுசென்றார், 2019-இல் நீக்கப்பட்டார். சம்மிட்டின் 1996, 1997, 1998 சாம்பியன் அணிகளில் ஆடிய கெல்லி ஹார்ப்பர் அடுத்து வந்து, 2022-இலும் 2023-இலும் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் இடம்பிடித்தார். 2024-இல் அவரும் நீக்கப்பட்டார். சம்மிட் தன் முதல் பட்டத்தை வென்ற 1987-இல் பெண்கள் கூடைப்பந்தில் பெரும்பணம் போட்ட கல்லூரிகள் மிகக் குறைவு. ஹார்ப்பரின் காலத்திலோ, வீராங்கனைகள் எளிதாகக் கல்லூரி மாறலாம், 2021 முதல் விளம்பரங்கள் வழியாகவும் சம்பாதிக்கலாம். ஸ்டேலியின் தென் கரோலினாவும் கிம் மல்கியின் எல்எஸ்யுவும் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) டென்னசி ஆடும் அதே கூட்டமைப்பிலிருந்தே பட்டம் வென்றுகொண்டிருந்தன.