கிறுக்கத் தெரிந்தால் போதும்: மனதுக்காக அரை மணி நேரம்

"எனக்கு வரையவே வராது" என்று சொல்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓவியச் சிகிச்சையில் கிறுக்கல் முறை என்று ஒன்று உண்டு: மனம்போனபடி கிறுக்கிவிட்டு, அந்தக் கோடுகளில் ஓர் உருவத்தைத் தேடி வண்ணம் தீட்டுவது. அமெரிக்க ஓவிய ஆசிரியை ஃபுளோரன்ஸ் கேன், மாணவர்களின் கையில் இருக்கும் தயக்கம் போக இதைக் கையாண்டார். அவருடைய சகோதரி மார்கரெட் நாம்பர்க் இதை மனநலச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்.

வீட்டிலேயே செய்து பார்க்க, முதலில் பொருள்கள். ஒரு சார்ட் பேப்பரில் பாதி, ஆயில் பேஸ்டல் அல்லது கிரேயான், கொஞ்சம் செல்லோடேப். பென்சில் வேண்டாம், பென்சில் இருந்தால் கை ரப்பரைத் தேடும். தாளை மேசையில் நகராமல் ஒட்டுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

அடுத்து, எழுந்து நின்று தோளில் இருந்து கையை வீசி, காற்றிலேயே பெரிய வட்டங்கள் போடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். மணிக்கட்டு மட்டும் அசைந்தால் கோடு சின்னதாகவே வரும்.

இப்போது ஒரே ஒரு நிறத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை எடுக்காமல் அரை நிமிடம் கிறுக்குங்கள். வழக்கமாக எழுதாத கையால் செய்தால் இன்னும் நல்லது. எப்படி வருகிறதோ என்ற கவலை அந்தக் கைக்குக் குறைவு.

சரி, அப்புறம்தான் முக்கியமான வேலை. தாளை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அவசரமே வேண்டாம். மேகத்தில் யானையைத் தேடுவோமே, அதே பார்வைதான். ஏதோ ஒரு மூலையில் ஒரு பறவை, ஒரு முகம், ஒரு படிக்கட்டு தென்படும். எதுவும் தெரியாவிட்டால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். எனக்கு ஒருமுறை பாதி திறந்த கதவு தெரிந்தது. யாரிடமாவது பேச வேண்டும் என்று பல நாளாகத் தவித்துக்கொண்டிருந்தது, அந்தக் கதவுக்கு வண்ணம் தீட்டும்போதுதான் எனக்கே புரிந்தது.

கண்டுபிடித்த உருவத்துக்கு வண்ணம் கொடுங்கள். தேவையில்லாத கோடுகளை அப்படியே விடலாம், வேறு நிறத்தால் மூடவும் செய்யலாம். முடிந்ததும் ஒரு தலைப்பு வையுங்கள். பிறகு அந்த உருவமே பேசுவதுபோல, "நான்..." என்று தொடங்கி மூன்று வரி எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும் மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2016-இல் அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிடம் கலைவேலை செய்யவைத்து நடத்திய ஆய்வில், ஏறக்குறைய 75 சதவீதம் பேருக்குத்தான் கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் குறைந்தது. மற்றவர்களுக்குக் குறையவில்லை. முன்பே வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை.

வீட்டில் செய்யும் இந்தப் பயிற்சி, பயிற்சி பெற்ற சிகிச்சையாளருக்கு மாற்று ஆகாது. வரையும்போது பழைய காயம் ஏதாவது கிளம்பி மூச்சு முட்டினால் உடனே நிறுத்திவிட்டு, முகம் கழுவி, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

வரைந்த தாளைக் கிழித்துப் போடாதீர்கள். பின்பக்கம் தேதி எழுதி வையுங்கள். ஐந்தாறு சேர்ந்ததும் தரையில் வரிசையாகப் பரப்பி, எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.